சாவி இல்லாமல் சர்வர் வாசலில் ஐந்து நாள்

2024 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் 13 நாள்தான் பாக்கி. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை விற்கிற எனக்கு வருஷத்தில் கை கொஞ்சம் நிறைவது அந்த மாதத்தில்தான். காலையில் எழுந்ததும் போனில் ஆர்டர் பார்ப்பேன். அன்றைக்கு ராத்திரிக் கணக்கில் ஒன்றுகூட இல்லை. என்னடா இது என்று எங்கள் கடைத் தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை. சரி, சர்வருக்குள் போய்ப் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். திரும்ப உள்ளே போக எனக்கு ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘பதறாதே, இதுதான் வழி’ என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தளத்தைக் கட்டித் தந்தது என் சித்தப்பா மகன். மாதவாடகைக்கு ஒரு சின்ன சர்வர், 25 ஜிபி டிஸ்க், விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ். அவன் மெல்போர்னுக்கு வேலைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் சாவிக் கோப்பை வைத்துக் கையில் கொடுத்தான். “அக்கா, இதை வச்சுத்தான் உள்ள போகணும், பாஸ்வேர்ட் கிடையாது” என்று சொல்லி, பட்டி (PuTTY) என்ற இலவச மென்பொருளை என் கம்ப்யூட்டரில் போட்டு, ஐந்தாறு கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தான். கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாகத் தட்டி எங்கோ பெங்களூரில் ஓடுகிற கம்ப்யூட்டரை நம் வீட்டு மேஜையிலிருந்து இயக்குவது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று வருஷம் எந்தப் பிரச்சினையும் வரவில்லை. பென் டிரைவில் இருந்த சாவியை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குள் போட்டுக்கொண்டேன். பென் டிரைவைக் குழந்தையின் பள்ளி புராஜெக்டுக்குக் கொடுத்தேன். அதில் என்ன இருந்தது என்று அப்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 11. தறி, தராசு, தையல் மிஷின் எல்லாம் துடைத்து வைக்கும்போது, இழு இழு என்று இழுக்கிற கம்ப்யூட்டரையும் சரி செய்துவிடலாம் என்று சர்வீஸ் பையனைக் கூப்பிட்டேன். அவன் நல்ல பையன், கேட்டுக் கேட்டுத்தான் செய்தான். “மேடம், சி டிரைவ்ல ஏதாச்சும் வேணுமா?” என்றான். சேலைப் படங்கள், பில் கணக்கு, குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றச் சொன்னேன். டெஸ்க்டாப்பில் இருந்த அந்த ஃபோல்டர் ஞாபகத்துக்கே வரவில்லை. இரண்டு கேபி கூட இருக்காது அந்தக் கோப்பு. விண்டோஸ் புதிதாக ஏறியது, கம்ப்யூட்டர் பறந்தது, நானும் சந்தோஷமாகச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

18-ஆம் தேதி பட்டியைத் திரும்ப இறக்கி, சர்வர் முகவரியைப் போட்டுத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்தது: ‘நோ சப்போர்ட்டட் ஆத்தென்டிகேஷன் மெத்தட்ஸ் அவைலபிள்’, அடைப்புக்குள் ‘பப்ளிக் கீ’. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சர்வரே செத்துப் போய்விட்டது என்று நினைத்துவிட்டேன். இங்கே ஒரு விஷயம். இந்தச் செய்திகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ‘டைம்டு அவுட்’ என்று வந்தால் தட்டினோம், யாரும் குரல் கொடுக்கவில்லை என்று அர்த்தம். முகவரி தப்பாக இருக்கலாம், சர்வர் அணைந்திருக்கலாம், இல்லை ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் தடுக்கலாம். ‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த வாசலில் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்ளே போகும் வழி) சேவை ஓடவில்லை. எனக்கு வந்தது மூன்றாவது வகை. கதவு திறந்து ‘சாவியைக் காட்டு’ என்று கேட்கிறது, என்னிடம் சாவி இல்லை. அதாவது சர்வர் நன்றாக இருக்கிறது, உள்ளே என் சரக்கு பத்திரமாக இருக்கிறது. இது தெரிந்திருந்தால் முதல் நாள் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். அக்டோபரில் மெல்போர்ன் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும், அவன் வேலையில் இருந்தான். சாயங்காலம் கூப்பிட்டு, “அக்கா, என் பழைய லேப்டாப்பை வித்துட்டேனே” என்றான். அவனிடமும் நகல் இல்லை. அன்று ராத்திரி அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி விடிய விடிய ஓட்டினேன். வீண். என் கம்ப்யூட்டரில் இருப்பது எஸ்எஸ்டி, சிப்பில் சேமிக்கிற வகை டிஸ்க். அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும் என்பதால், அதில் ஃபார்மட் செய்த பிறகு கோப்பு கிடைப்பது மிக அபூர்வம் என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் இன்னொரு யோசனை வந்தது: பட்டிஜென் என்று கூடவே ஒரு சின்ன மென்பொருள் வருகிறதே, அதில் புதுச் சாவி செய்துகொண்டால் என்ன? செய்தேன், போட்டேன், திறக்கவில்லை. சாவி என்று சொல்கிறோமே தவிர உண்மையில் அது ஒரு ஜோடி. ஒரு பாதி நம்மிடம் இருக்கும் ரகசியச் சாவி, இன்னொரு பாதி சர்வரில் மாட்டியிருக்கும் பூட்டு, அதைத்தான் ‘பப்ளிக் கீ’ என்கிறார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து புதுச் சாவி எத்தனை செய்தாலும், அதற்குரிய பூட்டைச் சர்வருக்குள் கொண்டுபோய் மாட்டாமல் அது திறக்காது. மாட்டுவதற்கோ உள்ளே போக வேண்டும்.

சர்வர் வாடகைக்குத் தருகிறவர்களின் தளத்தில் ‘கன்சோல்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் பிரவுசருக்குள்ளேயே கறுப்புத் திரை வந்துவிட்டது. கும்பிடாத குறைதான். ஆனால் அது பெயரைக் கேட்டது, பிறகு பாஸ்வேர்ட் கேட்டது. என் கணக்குக்கு யாரும் எப்போதும் பாஸ்வேர்ட் வைக்கவே இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எஸ்எஸ்ஹெச் வழியாகப் பாஸ்வேர்டில் நுழைவதை அடைத்து வைப்பது நல்லது, ஆனால் உங்கள் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் விடுவது வேறு விஷயம். கன்சோல் என்பது அந்த மெஷினில் மானிட்டரும் கீபோர்டும் செருகி உட்கார்ந்த மாதிரி. அங்கே எஸ்எஸ்ஹெச் கட்டுப்பாடு செல்லாது, பாஸ்வேர்ட் இருந்தால் போதும். உள்ளே இருந்தபோது ஒரு நிமிஷம் செலவழித்து நீளமாக ஒன்று வைத்து, பீரோவில் இருக்கும் நோட்டில் எழுதியிருந்தால் என் கதை வெள்ளிக்கிழமை மதியமே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை, தெரிந்தவர் மூலமாக ஒரு டெக்னீஷியன் கிடைத்தார். 3,500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, போனிலேயே சர்வர் தளத்தின் பாஸ்வேர்டையும் கேட்டார். அவசரத்தில் கொடுத்துவிட்டேன். அதுவும் தப்புதான், பின்னால் மாற்றினேன். அரை மணி நேரம் கழித்து, “ஒண்ணுமில்ல மேடம், ரீபில்ட் குடுத்தா புது சாவியோட வந்துரும், நீங்களே அமுக்குங்க” என்றார். ரீபில்ட் பொத்தானை அமுக்கினேன். சிவப்புப் பெட்டியில், டிஸ்க்கில் உள்ள எல்லாத் தரவும் அழியும், சர்வர் பெயரைத் தட்டி உறுதி செய்யவும் என்று வந்தது. பெயரில் பாதி எழுத்து தட்டியும்விட்டேன். மூன்று வருஷ வாடிக்கையாளர் முகவரிகள், 400-க்கு மேற்பட்ட சேலைப் படங்கள், விவரங்கள், அத்தனையும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தன. கை நின்றுவிட்டது. “சார், தரவு போயிடும்னு சொல்லுதே” என்றேன். “பேக்கப் இருக்கும்ல?” என்றார். பேக்கப் இருந்தது. அதே சர்வருக்குள், அதே டிஸ்க்கில். பெட்டியை மூடினேன். அந்த 3,500 திரும்பி வரவில்லை, அவரும் போன் எடுக்கவில்லை.

இந்தத் தளங்களில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று பொத்தான்கள் இருக்கும். ரீபூட் என்பது அணைத்து எழுப்புவது. ரீபில்ட் என்பது வீட்டை இடித்து மனையில் புதிதாகக் கட்டுவது. ரெஸ்க்யூ என்பதுதான் நமக்குத் தேவையானது. அதில் நம் டிஸ்க்கைத் தொடாமல், வேறொரு சின்ன லினக்ஸை ஏற்றிச் சர்வரை எழுப்புவார்கள். நம் டிஸ்க், பக்கத்தில் செருகிய பென் டிரைவ் போல அப்படியே நிற்கும். அதைத் திறந்து, கோப்பைத் திருத்தி, திரும்ப வழக்கமான முறையில் எழுப்பிக்கொள்ளலாம். திங்கள்கிழமை அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டபோது வந்த இரண்டு வரிப் பதிலில்தான் இந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கலாம். மாத வாடகை கட்டுகிற நமக்குக் கேட்க உரிமை உண்டு, என் சர்வர்க்காரர்கள் அதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

செவ்வாய் ராத்திரி பத்து மணிக்கு ரெஸ்க்யூவைப் போட்டேன். ஒரு தற்காலிகப் பாஸ்வேர்ட் மின்னஞ்சலில் வந்தது. பட்டியில் அதே முகவரியைத் திறந்தால் பெரிய எழுத்தில் பாதுகாப்பு மீறல் எச்சரிக்கை. மறுபடி வயிறு கலங்கியது. ஒவ்வொரு சர்வருக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் உண்டு, முதல் தடவை போகும்போது பட்டி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். இப்போது எழுந்திருப்பது வேறு லினக்ஸ் என்பதால் கைரேகை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த மாதிரி நேரத்தில் ‘கனெக்ட் ஒன்ஸ்’ என்பதை அமுக்க வேண்டும். நாம் ஒன்றும் மாற்றாத சாதாரண நாளில் இதே எச்சரிக்கை வந்தால் மட்டும் தயவுசெய்து நிறுத்திவிட்டு ஏன் என்று விசாரியுங்கள்.

உள்ளே போய், டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, பெரியதாக இருந்த பகுதியைத் திறந்தேன். என் பெயரில் ஃபோல்டர் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நானே பெயர் வைத்த ஃபோல்டர். தொலைந்த பிள்ளையைக் கண்ட மாதிரி இருந்தது. அதற்குள் புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர், அதற்குள் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ என்ற கோப்பு. பூட்டுகள் மாட்டும் இடம் அதுதான். நானோ என்ற எடிட்டரில் திறந்து, புதுச் சாவியின் பூட்டுப் பாதியை ஒட்டி, சேமித்தேன். ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்தது. டிஸ்க்கில் இடமே இல்லை. அளந்து பார்த்தால் 100 சதவீதம். தளம் விழுந்ததற்குக் காரணமும் அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸை நகல் எடுக்கிற ஏற்பாட்டைத் தம்பி செய்துவிட்டுப் போயிருந்தான், பழையதை அழிக்கிற ஏற்பாட்டைச் செய்யவில்லை. நாளுக்கு நாள் சேர்ந்து சேர்ந்து 19 ஜிபி. கடைசி நகலை மட்டும் வின்எஸ்சிபி என்ற மென்பொருளால் என் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு, கடைசி ஏழு நாளை வைத்துவிட்டு மற்றதை அழித்தேன். திரும்ப ஒட்டிச் சேமித்து, சர்வரை வழக்கமான முறையில் எழுப்பினேன்.

ராத்திரி 1.20-க்குக் கடை திறந்துவிட்டது. சேலைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. சத்தம் வராமல் அழுதேன். ஆனால் பட்டியில் மட்டும் அதே பெட்டி, அதே மறுப்பு. கடை திறந்தும் நான் வாசலில்தான்.

காரணம் இரண்டு, இரண்டையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதலாவது, பட்டிஜென்னில் ‘சேவ் பப்ளிக் கீ’ என்று அமுக்கினால் கிடைக்கிற கோப்பு பல வரியாக, மேலும் கீழும் கோடு போட்டு இருக்கும். அந்த வடிவம் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புக்குச் செல்லாது. அதே மென்பொருளின் மேல்பகுதியில் ஒரு பெட்டிக்குள் நீளமாக ஒரே வரியாக ஓர் எழுத்துக்கூட்டம் தெரியும், அதைத்தான் முதலிலிருந்து கடைசிவரை நகலெடுத்து, நடுவில் எங்கும் உடையாமல் ஒரே வரியாக ஒட்ட வேண்டும். திரும்ப ரெஸ்க்யூ, பழைய கோப்பை அழித்துப் புதிதாக எழுதினேன், எழுப்பினேன். மறுபடி மறுப்பு. இரண்டாவது காரணம் உரிமை. ரெஸ்க்யூவில் நாம் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்காக, இருப்பதால் புதிதாக எழுதும் கோப்பு ரூட்டின் சொத்தாகிவிடும். 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) என்று அனுமதி வைத்தால் ரூட்டைத் தவிர யாரும் படிக்க முடியாது, என் கணக்கே தன் பூட்டைப் படிக்க முடியாமல் நிற்கிறது. ரெஸ்க்யூ லினக்ஸுக்கு என் பெயர் தெரியாது, அதனால் எண்ணைச் சொல்லி உரிமையை மாற்ற வேண்டும். உபுண்டுவில் முதல் கணக்கின் எண் வழக்கமாக 1000. ஃபோல்டருக்கு 700 (உரிமையாளர் மட்டும் நுழைய), கோப்புக்கு 600, இரண்டுக்கும் உரிமையாளர் 1000. மூன்றாவது தடவை எழுப்பினேன். புதன்கிழமை அதிகாலை 3.45. பச்சை எழுத்தில் என் பெயர், பக்கத்தில் துடிக்கிற கர்சர்.

கணக்குப் பார்த்தேன். அந்த ஐந்து நாளில் குறைந்தது 60 ஆர்டர் வந்திருக்க வேண்டும். போனில் கேட்டு வாங்கியவர்கள் 14 பேர். மீதி சுமார் 40,000 ரூபாய் வியாபாரம், டெக்னீஷியனுக்குப் போன 3,500. சாயக்காரருக்கும் முடிச்சுப் போடுகிற அக்காமாருக்கும் கூலியை முன்னமே கொடுத்தாகிவிட்டது. தீபாவளி முடிந்தும் அலமாரியில் மடித்தபடி இருந்த சேலைகளைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை.

பட்ட பயத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். இனி வெளியே நிற்கவே கூடாது என்று எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்ட் நுழைவைத் திறந்துவிட்டேன். மறுநாள் காலை பதிவேட்டைப் பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு என்று வரிசையாகப் பெயர் போட்டு யார் யாரோ பாஸ்வேர்ட் ஊகித்துத் தட்டியிருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் 4,000-க்கு மேல். இது என்மேல் யாருக்கும் பகை இருந்து நடப்பதில்லை. இணையத்தில் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஆம் எண் வாசல் திறந்திருக்கும் எல்லா மெஷினையும் தானியங்கி நிரல்கள் இப்படித் தட்டிக்கொண்டே இருக்கின்றன. தம்பி அப்போது ஒரு கதை சொன்னான். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக் கேட்டுப் பாஸ்வேர்டுகளைத் திருடியதால்தான் டாட்டு உலோனென் என்பவர் எஸ்எஸ்ஹெச்சையே எழுதினாராம். அதற்கு முன் தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் போக இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகும். கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு வாசல் எண் 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது பாஸ்வேர்ட் கம்பியில் தெரியாதுதான், ஆனால் ஊகிக்கிறவனை அது தடுக்காது. அன்றே மூடினேன்.

மூடும்போதும் ஒரு சிக்கல். முக்கிய அமைப்புக் கோப்பில் வேண்டாம் என்று எழுதிய பிறகும் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருந்தது. வாடகைச் சர்வர்களில் பக்கத்து ஃபோல்டரில் இன்னொரு குட்டிக் கோப்பு இருக்கும், அதில் வேண்டும் என்று எழுதியிருந்தது. எஸ்எஸ்ஹெச் முதலில் எதைப் படிக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும், உபுண்டுவில் அந்தக் குட்டிக் கோப்பைத்தான் முதலில் படிக்கிறது. இந்த மாதிரி எதைத் திருத்தினாலும் இருக்கிற ஜன்னலை மூடாதீர்கள். சேவையை மீண்டும் தொடங்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாவது ஜன்னல் திறந்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை மூட வேண்டும். ஃபயர்வால் போடுவதற்கும் இதுதான், முதலில் எஸ்எஸ்ஹெச்சை அனுமதித்துவிட்டுத்தான் ஃபயர்வாலை இயக்க வேண்டும்.

கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. அடுத்த வாரம் படங்களை எல்லாம் ஒன்றாகச் சுருக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன், நாற்பது நிமிஷ வேலை. பாதியில் கரண்ட் போய் இணைப்பு அறுந்தது, சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் கூடவே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் உள்ளே போனதும் முதலில் டிமக்ஸ் (tmux) என்று தட்டுகிறேன். அதற்குள் தொடங்கும் வேலை, நம் பக்கம் அறுந்தாலும் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

இப்போது என் பூட்டுக் கோப்பில் மூன்று வரி இருக்கிறது. ஒன்று டெஸ்க்டாப்பின் சாவிக்கு, ஒன்று லேப்டாப்பின் சாவிக்கு, ஒன்று மெல்போர்னில் தம்பி புதிதாகச் செய்துகொண்ட சாவிக்கு. அவரவர் ரகசியப் பாதி அவரவரிடம், யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. வாட்ஸப்பில் அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு, பூட்டுப் பாதியை ஊருக்கே காட்டலாம், ரகசியப் பாதியை ஒருவருக்கும் அனுப்பக்கூடாது. சாவிக் கோப்புக்கு ஒரு கடவுச்சொற்றொடரும் வைத்திருக்கிறேன், அதனால் பென் டிரைவ் நகல் யார் கையில் கிடைத்தாலும் உடனே பயன்படாது. லேப்டாப்பில் பட்டி இல்லை. விண்டோஸ் 10-லேயே எஸ்எஸ்ஹெச் கூடவே வருகிறது, அதைத்தான் பயன்படுத்துகிறேன். பட்டி சேமிக்கிற பிபிகே வடிவச் சாவியை அது படிக்காது என்பதால் அதற்குத் தனிச் சாவி. கன்சோலுக்குப் பாஸ்வேர்ட் பீரோ நோட்டில். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எந்த அவசரமும் இல்லாமல், வேண்டுமென்றே ரெஸ்க்யூ போட்டு வழக்கத்துக்குத் திரும்பிப் பார்த்தேன். 20 நிமிஷம் ஆனது.

2025-இல் ஆயுத பூஜை அக்டோபர் 1. முந்தின வாரம் அதே சர்வீஸ் பையன் வந்தான். கம்ப்யூட்டர் மறுபடி இழுக்க ஆரம்பித்திருந்தது. “மேடம், சி டிரைவ்ல ஏதாச்சும் வேணுமா?” என்றான். “கொஞ்சம் இருப்பா” என்று சொல்லி லேப்டாப்பை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். உள்ளே போனேன். வெளியே வந்தேன். கன்சோலைத் திறந்து நோட்டைப் பார்த்துத் தட்டி அதிலும் ஒரு தடவை போய் வந்தேன். காபியைக் குடித்துக்கொண்டே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். “இப்ப போடுப்பா” என்றேன்.